லம்போர்கினி மியூரா மொத்தம் எத்தனை வண்டி? 763-னு சொன்னா அது எதோட கணக்கு?

பழைய இத்தாலியன் ஸ்போர்ட்ஸ் கார் பத்தி படிக்க ஆரம்பிச்ச உடனே ரெண்டு விஷயம் போட்டு குழப்பும். ஒண்ணு வேரியன்ட், இன்னொண்ணு ப்ரொடக்‌ஷன் நம்பர். "இது 150-ல ஒண்ணு", "உலகத்துலயே 36 தான் இருக்கு"னு ஏலக்காரங்க போடற வரியைப் பார்த்தா ஏதோ கவர்மென்ட் கெஜட்ல வந்த மாதிரி உறுதியா இருக்கும், ஆனா அதே காரைப் பத்தி வேற ஒரு இடத்துல போய் பார்த்தா நம்பர் வேற. யாரோ ஒருத்தர் பொய் சொல்றாங்கனு தோணும். பெரும்பாலும் யாரும் பொய் சொல்லல, ஒவ்வொருத்தரும் எண்ணுற பொருள் வேற வேறயா இருக்கு, அவ்ளோ தான். எதை எண்ணிருக்காங்கனு கேட்கத் தெரிஞ்சா பாதி குழப்பம் போயிடும். இதை லம்போர்கினி மியூராவை வச்சு சொல்றேன், ஏன்னா அதுல இந்த எல்லா சிக்கலும் ஒரே வண்டில கிடைக்குது, அதுவும் இல்லாம நான் பார்த்ததுலயே அழகான கார் அதுதான்.

முதல்ல வண்டியைப் பத்தி கொஞ்சம். 1965 நவம்பர் டுரின் கார் ஷோல லம்போர்கினி ஒரு வெறும் சேசிஸை மட்டும் கொண்டு வந்து வச்சாங்க, பாடியே கிடையாது, இரும்புத் தகட்டுல முழுக்க ஓட்டை போட்டு எடை குறைச்ச ஒரு சட்டம், அதுல டிரைவர் முதுகுக்குப் பின்னாடி வி12 எஞ்சினை குறுக்கா படுக்க வச்சிருந்தாங்க. அதை டிசைன் பண்ணவங்க ஜான் பாவ்லோ டல்லாரா, பாவ்லோ ஸ்டான்சானி, கூட டெஸ்ட் டிரைவர் பாப் வாலஸ், எல்லாருமே அப்போ இருபதுகள்ல இருந்த பசங்க. பாடி பெர்ட்டோனே கம்பெனிக்குப் போச்சு, அங்க வரைஞ்சவர் மார்செல்லோ காண்டினி. 1966 மார்ச் ஜெனீவா ஷோல முழு வண்டியும் வந்து நின்னப்போ ஆர்டர் குவிஞ்சிடுச்சு. முதல் கஸ்டமர் வண்டி 1966 டிசம்பர் கடைசில தான் வெளிய போச்சு.

இப்போ நம்பருக்கு வருவோம். மியூராவுக்கு அதிகாரபூர்வமா மூணு வேரியன்ட். பி400, பி400 எஸ், பி400 எஸ்வி. இப்போ பரவலா எல்லாரும் ஏத்துக்கற கணக்கு: பி400-ல 275 வண்டி, எஸ் 338, எஸ்வி 150, கூட்டினா 763. ஆனா பழைய புத்தகம் எதையாவது எடுத்தா பி400-ல 474, எஸ் 140, எஸ்வி 150, மொத்தம் 764-னு இருக்கும். நிதானமா பாருங்க, மொத்தம் ஒரே ஒரு வண்டி தான் வித்தியாசம், எஸ்வி ரெண்டுலயும் அதே 150, ஆனா நடுவுல பி400-ல இருந்து கிட்டத்தட்ட 200 வண்டி தூக்கி எஸ் பக்கம் போட்டிருக்காங்க. அதாவது எத்தனை வண்டி செஞ்சாங்கங்கறதுல சண்டையே இல்ல. எந்த வண்டிக்கு எந்தப் பேருங்கறதுல தான் சண்டை.

இந்த ரெண்டு கணக்குல எது நம்பலாம்னு நாமளே ஒரு சின்ன சோதனை போட்டுப் பார்க்கலாம், புதுசா வர்றவங்களுக்கு இது நல்ல பழக்கம். பி400 ஓடினது 1966 கடைசில இருந்து 1968 கடைசி வரை, சுமாரா 24 மாசம். எஸ் ஓடினது 1968 டிசம்பர்ல இருந்து 1971 மார்ச் வரை, 28 மாசம். புதுக் கணக்குப்படி வகுத்தா பி400 மாசத்துக்கு பதினொண்ணு பன்னெண்டு, எஸ்-ம் மாசத்துக்கு பன்னெண்டு, சீரா வருது. பழைய கணக்குப்படி போட்டா பி400 மாசத்துக்கு 20, அப்புறம் எஸ் வந்த உடனே திடீர்னு மாசத்துக்கு அஞ்சு. பேக்டரி அப்படி ஒரேயடியா படுத்துட்டதா வச்சுக்கணும். சண்ட்'அகாட்டா போலொன்யேசேங்கற ஊர்ல இருந்த லம்போர்கினியோட சின்ன பேக்டரிக்கு முதல் கணக்கு தான் பொருந்தற மாதிரி எனக்குப் படுது. இது நிரூபணம் இல்ல, ஆனா ஒரு நம்பரை தேதியோட சேர்த்து வச்சுப் பார்த்தா அது நிக்குதா விழுதானு தெரிஞ்சிடும்.

சரி, வேரியன்ட்னா என்ன? கம்பெனி ஒரு பேரு வச்சு, அந்தப் பேருல கேட்டலாக்ல போட்டு வித்தா அது வேரியன்ட். பேரு வைக்காம உள்ளுக்குள்ள சத்தமில்லாம மாத்தினா அது ரன்னிங் சேஞ்ச், அதாவது லைன் ஓடிட்டு இருக்கும்போதே பண்ற மாற்றம். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் தான் எல்லா கணக்கையும் கலக்கி விடுது.

பி400-ல "பி" பின்பக்க எஞ்சினைக் குறிக்குது, 400-ங்கறது நாலு லிட்டர், சரியா சொன்னா 3929 சிசி, 350 குதிரைசக்தி. இதுலயே ஒரு முக்கியமான ரன்னிங் சேஞ்ச் இருக்கு. முதல் 125 வண்டியோட சேசிஸ் 0.9 மில்லிமீட்டர் தகடு, அதுக்கப்புறம் வந்ததெல்லாம் 1 மில்லிமீட்டர். பேரு மாறல, வெளிய பார்த்தா ஒண்ணுமே தெரியாது, ஆனா முதல்ல வந்தது எடை கம்மி, முறுக்கு தாங்கறதும் கம்மி. இன்னைக்கு ஒருத்தர் "முதல் 125-ல ஒண்ணு"னு வித்தா அது உண்மையா இருக்கலாம், ஆனா அப்படி ஒரு வேரியன்ட் லம்போர்கினி கேட்டலாக்ல எப்பவுமே இருந்ததில்ல. இத மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா இந்த மாதிரி உட்பிரிவு எல்லா பழைய காருக்கும் உண்டு, அதை பின்னாடி வந்த ஆர்வலர்கள் கண்டுபிடிச்சு பேரு வச்சது.

எஸ் வந்தது 1968 நவம்பர் டுரின் ஷோல. வெளியில கண்ணாடி ஓரத்துலயும் ஹெட்லைட்டை சுத்தியும் பளபளன்னு க்ரோம், உள்ள பவர் விண்டோ, தலைக்கு மேல ஒரு புது சுவிட்ச் பேனல். எஞ்சின்ல இன்டேக் மேனிஃபோல்டை 2 மில்லிமீட்டர் பெருசாக்கி கேம்ஷாஃப்டையும் மாத்தினாங்க, பவர் 370-க்கு போச்சு. ஏசி வேணும்னா காசு குடுத்து வாங்கிக்கலாம். ஆனா எஸ்-ஸும் முழுக்க ஒரே மாதிரி இல்ல, பிந்தி வந்த எஸ் வண்டிகளுக்கு வென்டிலேட்டட் டிஸ்க் பிரேக் வந்துச்சு, அதனால "முந்தின எஸ்", "பிந்தின எஸ்"னு இன்னைக்கு பிரிச்சுப் பேசறாங்க. எனக்குக் கேட்டா இந்த பிந்தின எஸ் தான் மியூராலயே சரியான இடம், பழைய ஒல்லியான பின்பக்கம் அப்படியே இருக்கும், பிரேக்கும் ஒழுங்கா பிடிக்கும். மார்க்கெட் அப்படி நினைக்கல, மார்க்கெட்டுக்கு எஸ்வி தான் வேணும்.

எஸ்வி வந்தது 1971 மார்ச் ஜெனீவா. அதே ஷோல லம்போர்கினியோட அடுத்த அதிசயம் கவுன்டாக் புரோட்டோடைப்பும் நின்னுச்சு, அதனால எஸ்வி வரும்போதே அதோட வாரிசும் கூடவே வந்துடுச்சு. எஸ்வி-யை தூரத்துல இருந்தே கண்டுபிடிக்கலாம். மத்த மியூராக்கு ஹெட்லைட்டை சுத்தி கண் இமை மாதிரி கறுப்பா வரிவரியா ஒரு டிசைன் இருக்கும், அது எஸ்வி-ல கிடையாது. பின்பக்கம் வீங்கி இருக்கும், ஏன்னா பின் வீல் அகலம் 7 இன்ச்ல இருந்து 9 இன்ச் ஆச்சு. டெயில் லைட் வேற. பின் சஸ்பென்ஷனோட கீழ் கைகளையும் அது சேசிஸ்ல பிடிக்கற இடத்தையும் மாத்தினாங்க. பவர் 385. இவ்ளோ மாத்தினதால எஸ்வி-யை எண்ணறது சுலபம், அதனால தான் ரெண்டு கணக்குலயும் 150-னு ஒத்துப் போகுதுனு நான் நினைக்கிறேன். பி400-ல இருந்து எஸ் போறதுல கோடு மங்கல், எஸ்-ல இருந்து எஸ்வி போறதுல கோடு அழுத்தமா இருக்கு. இதுலயும் இமை இல்லாட்டி தான் எஸ்வி-னு கண்ணை மூடிட்டு சொல்லிடக் கூடாது, கஸ்டமர் கேட்டதால இமையோடவே பேக்டரில இருந்து போன எஸ்வி-யும் இருக்கு.

எஸ்வி-க்குள்ள ஒரு விஷயத்தை மட்டும் விரிவா சொல்லியே ஆகணும், ஏன்னா விலையை அதிகம் ஏத்தறது அதுதான். மியூரால எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே வார்ப்புல வர்றதால ரெண்டுக்கும் ஒரே ஆயில். நம்ம ஊரு கியர் பைக்ல பெரும்பாலும் எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில் தானே ஊத்தறோம், அதே கதை தான், ஆனா இங்க 350 குதிரைசக்தி வி12. கியர் பல்லு தேய்ஞ்சு வர்ற இரும்புத்தூள் அதே ஆயில்ல மிதந்து போய் எஞ்சின் பேரிங்கை பதம் பார்க்கும்ங்கற பயம் ஓனர்களுக்கு எப்பவும் உண்டு. எஞ்சினுக்கு ஏத்த ஆயில் வேற, கியருக்கு ஏத்த ஆயில் வேற, ஒண்ணுல ஒப்பேத்தணும். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்கு (ஒரு சக்கரம் மட்டும் வீணா சுத்தாம ரெண்டு சக்கரத்துக்கும் பவரைப் பிரிச்சு குடுக்கற பாகம்) வேற தனியா ஸ்பெஷல் ஆயில் வேணும், அதை எஞ்சினுக்குள்ள விட முடியாது. அதனால எஸ்வி ஓடிட்டு இருக்கும்போது ரெண்டையும் பிரிச்சாங்க, இதைத் தான் ஸ்ப்ளிட் சம்ப்னு சொல்றாங்க, சம்ப்னா அடியில ஆயில் தேங்கற தொட்டி. கவனிக்க வேண்டியது என்னன்னா எல்லா எஸ்வி-லயும் இது கிடையாது, முன்னாடி வந்த எஸ்வி பழைய ஒரே சம்ப் தான். ரெண்டுக்கும் கம்பெனி வச்ச பேரு ஒண்ணே ஒண்ணு, பி400 எஸ்வி. ஆனா ஏலத்துல இந்த ரெண்டும் ஒரே விலைக்குப் போகாது. பேரு ஒண்ணா இருந்தாலும் உள்ளுக்குள்ள ரெண்டு வண்டி.

அடுத்தது நம்பர் பிளேட்... ரோட்டு நம்பர் பிளேட் இல்ல, வண்டில அடிச்சிருக்கற நம்பர்கள். புதுசா வர்றவங்க எல்லாரும் நினைக்கறது சேசிஸ் நம்பர்னா ஒண்ணு ரெண்டு மூணுனு வரிசையா வரும், கடைசி நம்பர்ல இருந்து முதல் நம்பரைக் கழிச்சா மொத்தம் கிடைச்சிடும்னு. மியூராவுல போட்டுப் பாருங்க. ஒரு பிரபல இங்கிலீஷ் படத்தோட ஆரம்பத்துல ஆல்ப்ஸ் மலை ரோட்டுல ஓடற ஆரஞ்சு கலர் மியூரா சேசிஸ் 3586, ஈரான் ஷாவுக்குப் போன வண்டி சேசிஸ் 4934. இந்த ரெண்டுக்கும் நடுவுலயே 1348 வருது, செஞ்சதோ மொத்தமே 763. அப்போ சேசிஸ் நம்பர் எண்ணிக்கை இல்ல, அது வெறும் அடையாளம், நடுவுல ஏகப்பட்ட நம்பர் யாருக்கும் போகவே இல்ல.

ஃபெராரில இன்னும் கேட்கவே வேணாம். 250 ஜிடிஓ-வோட சேசிஸ் நம்பர் 3223-ல ஆரம்பிச்சு 5575 வரைக்கும் போகுது, ஆனா வண்டி 36 தான். காரணம் அந்த நம்பர் வரிசை ஜிடிஓ-வுக்கு மட்டுமானது இல்ல, அப்போ ஃபெராரி செஞ்ச மத்த ரோடு கார்களும் அதே வரிசைல நம்பர் வாங்கிட்டு போச்சு, அதுலயும் ஒத்தைப்படை நம்பர் மட்டும் தான் ஜிடிஓ-வும் இருந்த இந்த ரோடு கார் வரிசைக்கு, ரெட்டைப்படை நம்பர் ரேஸுக்குனே செஞ்ச வண்டிகளுக்கு.

மியூராக்கு இன்னொரு சிக்கல் கூடுதலா இருக்கு, வண்டி ஒரே கூரைக்குக் கீழ பிறக்கல. சட்டத்தை மொடெனால மார்கேசினு ஒரு கம்பெனி வெல்டிங் பண்ணிக் குடுத்துச்சு, அது டுரின் பக்கத்துல க்ருலியாஸ்கோல இருக்கற பெர்ட்டோனேக்குப் போய் பாடி ஏறி, பெயின்ட் அடிச்சு, உள்வேலை முடிச்சு, அப்புறம் சண்ட்'அகாட்டா வந்து எஞ்சினும் சஸ்பென்ஷனும் ஏறும். அதனால ஒரே வண்டில சேசிஸ் நம்பர் ஒண்ணு, எஞ்சின் நம்பர் ஒண்ணு, பெர்ட்டோனே பாடி நம்பர் ஒண்ணு, எத்தனாவது வண்டிங்கற ப்ரொடக்‌ஷன் நம்பர் தனியா ஒண்ணு. மேல சொன்ன "முதல் 125"ங்கறது இந்தக் கடைசி நம்பரோட கணக்கு, சேசிஸ் நம்பரோட கணக்கு இல்ல. "மேட்சிங் நம்பர்ஸ்"னு விளம்பரத்துல போடறாங்கல்ல, அதுக்கு அர்த்தம் பேக்டரில எந்த சேசிஸோட எந்த எஞ்சின் போச்சோ அதே ஜோடி இன்னைக்கும் இருக்குன்னு. மியூரா எஞ்சின்கள் அந்தக் காலத்துல நிறைய மாத்தப்பட்டதால இந்த ஒரு வார்த்தைக்கே தனி விலை.

செஞ்ச தேதி, வித்த தேதி, முதல்ல ரிஜிஸ்டர் ஆன தேதி, இது மூணும் கூட வேற வேற. 1968 அக்டோபர்ல பாடி ஏறின ஒரு வண்டி, ஜன்னலுக்கு க்ரோம் வந்து, 1969 பிப்ரவரில டெலிவரி ஆனா அதை பி400-னு எழுதறதா எஸ்-னு எழுதறதா? கையால செய்யற பேக்டரில மாடல் மாறறது ஒரே நாள்ல நடக்காது, கையிருப்புல இருக்கற பழைய பார்ட்ஸ் தீர்ற வரைக்கும் கலந்து தான் போகும். இந்த மாதிரி எல்லை ஓரத்து வண்டிகளை ஆளுக்கு ஒரு பக்கம் தள்ளினா மொத்தம் மாறாது, பங்கு மாறும்.

இதுக்கு மேல கன்வெர்ஷன்னு ஒண்ணு. எஸ்வி வந்ததும் நிறைய ஓனர்கள் தங்களோட பி400-ஐயும் எஸ்-ஐயும் எஸ்வி மாதிரி மாத்திக்கிட்டாங்க, சிலர் பேக்டரிக்கே கொண்டு போய், சிலர் வெளி ஒர்க்‌ஷாப்ல. அதனால இன்னைக்கு உலகத்துல எஸ்வி மாதிரி இருக்கற மியூரா 150-ஐ விட அதிகமா இருந்தா ஆச்சரியப்படாதீங்க. பேக்டரில எஸ்வி-யா பிறந்தது 150, அதுதான் கணக்கு.

இதோட உச்சம் ஜோட்டா. பாப் வாலஸ் 1970-ல எஃப்ஐஏ-ங்கற உலக மோட்டார் ரேஸ் அமைப்போட விதிகள்ல இருந்த இணைப்பு ஜே-க்கு ஏத்த மாதிரி ஒரே ஒரு மியூராவை எடுத்து இழைச்சு இழைச்சு எடையைக் குறைச்சு, எஞ்சினை ஏத்தி, ஒரு சோதனை வண்டி செஞ்சார். ஸ்பானிஷ்ல ஜே எழுத்தைச் சொல்ற மாதிரி ஜோட்டானு பேரு. கம்பெனி அதை அப்புறம் வித்துடுச்சு, 1971-ல பிரெஷியா பக்கத்துல ஆக்சிடென்ட் ஆகி எரிஞ்சே போச்சு. அவ்ளோ உழைப்பு ஒரு ராத்திரில போனதை படிக்கும்போது எனக்கு இன்னமும் மனசு ஆறல. அந்த வண்டியைக் கேள்விப்பட்ட பணக்காரங்க எனக்கும் அப்படி வேணும்னு கேட்க, பேக்டரி சில வண்டிகளை எஸ்விஜே-னு பண்ணிக் குடுத்துச்சு. ஷாவோட 4934 அதுல ஒண்ணு, பின்னாடி 1997 ஏலத்துல நடிகர் நிக்கோலஸ் கேஜ் வாங்கினாரே, அதே வண்டி. இப்போ கேள்வி: எஸ்விஜே-ங்கறது நாலாவது வேரியன்டா? கேட்டலாக்ல இல்ல. அதுல பல வண்டிகள் ஏற்கனவே எஸ்வி-யா செஞ்சு முடிச்சு அப்புறம் மாத்தினது, அதனால அதுங்க எல்லாம் 150-க்குள்ள ஏற்கனவே எண்ணியாச்சு. எஸ்வி 150, கூட எஸ்விஜே இத்தனைனு யாராவது கூட்டினா ஒரே வண்டியை ரெண்டு தடவை எண்றாங்கனு அர்த்தம். கேட்டலாக் பேரையும் ஸ்பெஷல் வண்டியையும் ஒரே அட்டவணைல போட்டா இந்தத் தப்பு கட்டாயம் வரும்.

ரோட்ஸ்டரும் அப்படித்தான். 1968 ஜனவரி பிரஸ்ஸல்ஸ் ஷோக்கு பெர்ட்டோனே மேல் கூரை இல்லாம ஒரே ஒரு மியூராவை வெளிர் நீலத்துல செஞ்சு வச்சாங்க. கூரையும் இல்ல, சைடு கண்ணாடியும் இல்ல, முழுக்க முழுக்க ஷோ கார். அப்புறம் அதை ஈயம், துத்தநாகம் சம்பந்தப்பட்ட ஒரு ஆராய்ச்சி அமைப்பு வாங்கி, எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் துத்தநாகக் கலவைல பார்ட்ஸ் செஞ்சு மாட்டி, பச்சை கலர் அடிச்சு, இசட்என்75-னு பேரு வச்சு ஊர் ஊரா காட்டினாங்க. ரொம்ப வருஷம் கழிச்சு திரும்ப பழைய நீலத்துக்கே ரீஸ்டோர் பண்ணிட்டாங்க. பேரு ரெண்டு, உருவம் ரெண்டு, சேசிஸ் ஒண்ணு.

250 ஜிடிஓ பத்தி மேல 36-னு சொன்னேன், சில இடத்துல 39-னு இருக்கும், அதையும் இப்போ பிரிச்சுப் பார்த்துடலாம். மூணு லிட்டர் எஞ்சினோட 1962-ல இருந்து 1964 வரை செஞ்சது 36. அதே மாதிரி பாடில நாலு லிட்டர் எஞ்சின் போட்ட மூணு வண்டி இருக்கு, அதை 330 ஜிடிஓ-னு சொல்வாங்க, சேர்த்தா 39, சேர்க்காட்டி 36. ரெண்டுமே சரி. அந்த 36-க்குள்ளயும் 33 வண்டி பழைய பாடி, 3 வண்டி 1964-ல வந்த புதுப் பாடி. ஆனா பழைய பாடி வண்டில நாலு, பின்னாடி பேக்டரிலயே புதுப் பாடிக்கு மாறிடுச்சு. அதனால "64 பாடி ஜிடிஓ எத்தனை"னு கேட்டா பிறக்கும்போது 3, மாறினதையும் சேர்த்தா 7. கேள்வில ஒரு வார்த்தை மாறினா பதில் ரெண்டு மடங்குக்கு மேல போயிடுது.

மியூரா வாங்கப் போறவங்களுக்கும் ஆராய்ச்சி பண்றவங்களுக்கும் இப்போ ஒரு நல்ல வழி வந்திருக்கு. 2015-ல லம்போர்கினி போலோ ஸ்டோரிக்கோனு ஒரு பிரிவு ஆரம்பிச்சாங்க, பழைய பேக்டரி ஆவணங்களை வச்சு இந்த சேசிஸ் என்ன ஸ்பெக்ல, என்ன கலர்ல வெளிய போச்சுனு சரிபார்த்து சர்டிஃபிகேட் குடுப்பாங்க. மேல சொன்ன 3586 கூட அப்படித்தான் உறுதியாச்சு, ஐம்பது வருஷமா எந்த வண்டினு ஆளாளுக்கு தேடிட்டு இருந்ததை 2019-ல ஆவணம் வச்சு முடிச்சு வச்சாங்க. இதுல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு, ஏன்னா ஒரு வண்டியோட வரலாறு வித்தவன் வாய்ல இருந்து வராம பேக்டரி தாள்ல இருந்து வருது.

இனிமே ஒரு விளம்பரத்துல "எஸ்வி, 150-ல ஒண்ணு"னு பார்த்தீங்கன்னா, முதல்ல அது எஸ்வி-யா பிறந்ததா மாறினதானு கேளுங்க, அதுக்கு பதில் சேசிஸ் நம்பரும் பேக்டரி ஆவணமும் தான். அப்புறம் சம்ப் ஒண்ணா ரெண்டா. அப்புறம் எஞ்சின் நம்பர் ஆவணத்தோட ஒத்துப் போகுதா. "இந்தக் கலர்ல, இந்த சீட்டோட, இந்த நாட்டுக்குப் போன ஒரே வண்டி"ங்கற மாதிரி வரி வந்தா அதை நான் கணக்குலயே எடுக்கறதில்ல, கையால செஞ்ச 763 வண்டில இப்படி பிரிச்சுட்டே போனா எல்லா வண்டியும் உலகத்துல ஒண்ணே ஒண்ணு தான்.